19 நிலம், 5 நிறம்: ஒரு மனிதர் டெக்கின் கணக்கு

மேஜிக்: த கேதரிங் ஆட்டத்தில் புதிதாக டெக் கட்டுகிற எல்லாருக்கும் ஒரு ஆசை வரும். ஐந்து நிறத்திலும் உள்ள நல்ல சீட்டுகளைப் பொறுக்கி எடுத்து ஒரே டெக்கில் போட்டுவிட வேண்டும் என்ற ஆசை. பார்க்க ரொம்ப நன்றாக இருக்கும், ஆடினால் படுத்துவிடும். ஏன் படுக்கிறது, படுக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக அழகான பதில் 2017 கடைசியில் மாடர்ன் பிரிவில் எழுந்த ஐந்து நிற மனிதர் டெக். அதைப் பற்றிய குறிப்புகள் இவை. கொஞ்சம் கணக்கு வரும். பயப்பட வேண்டாம், பிளஸ் டூ கணக்குதான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு முதலில் அடிப்படை. 1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்ற கணிதக்காரர் வடிவமைத்த ஆட்டம் இது. இருவர் ஆடுவது. ஆளுக்கு 20 உயிர், ஆளுக்கு ஒரு டெக், குறைந்தது 60 சீட்டு. அடிப்படை நிலங்களைத் தவிர, ஒரே பெயருள்ள சீட்டு 4-க்கு மேல் கூடாது. தொடக்கத்தில் கையில் 7 சீட்டு, பிறகு ஒவ்வொரு டர்னிலும் ஒன்று (முதலில் ஆடுகிறவருக்கு மட்டும் முதல் டர்னில் கிடையாது). ரம்மி மாதிரி பொதுக் கட்டு கிடையாது. என்னென்ன சீட்டு உள்ளே இருக்க வேண்டும் என்பதை நீங்களே வீட்டிலிருந்து முடிவு செய்து கொண்டுவருகிறீர்கள். வித்தியாசமே அங்கேதான்.

சீட்டுகளைக் களத்தில் இறக்க மானா வேண்டும். மானா நிலங்களிலிருந்து வரும். ஒரு டர்னுக்கு ஒரு நிலம்தான் இறக்கலாம். நிலம் ஐந்து வகை: சமவெளி வெள்ளை தரும், தீவு நீலம், சதுப்பு கறுப்பு, மலை சிவப்பு, காடு பச்சை. (ஐந்து நிலம் என்றதும் நமக்குத் திணை ஞாபகம் வராமல் இருக்காது. மலை குறிஞ்சி, காடு முல்லை, சமவெளி மருதம், தீவை இழுத்துப் பிடித்தால் நெய்தல். ஐந்தாவதில் மாட்டிக்கொள்கிறோம். பள்ளிக்கரணையைப் பாலை என்று சொல்ல எந்த உரையாசிரியரும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் பல நிற டெக்குக்குத் 'திணை மயக்கம்' என்பதைவிட நல்ல பெயர் கிடையாது.)

ஒவ்வொரு சீட்டிலும் அதன் விலை எழுதியிருக்கும். உதாரணமாக, மான்டிஸ் ரைடர் என்ற க்ரீச்சர். அதன் விலை ஒரு வெள்ளை, ஒரு நீலம், ஒரு சிவப்பு. 3/3 பலம், பறக்கும், இறங்கிய டர்னிலேயே தாக்கும், தாக்கிவிட்டும் காவலுக்கு நிற்கும். மூன்று மானாவுக்கு இது அநியாயமான சரக்கு. அநியாயத்துக்கான காரணம் விலையிலேயே இருக்கிறது: மூன்று தனித்தனி நிறம். மேஜிக் வடிவமைப்பாளர்கள் பல நிறச் சீட்டுகளுக்கு வலுவைக் கூட்டித் தருவதே, அந்த நிறங்களைச் சரியான நேரத்தில் சேர்ப்பது கஷ்டம் என்பதால்தான்.

எவ்வளவு கஷ்டம்?

என் மாமா பையன் கல்லூரி விடுமுறைக்குத் தேனாம்பேட்டையில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது இந்தக் கணக்கை உட்கார்ந்து போட வேண்டியதாயிற்று. நாங்கள் ஆடுவது நகல் சீட்டுகளில். ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் எடுத்து, வெட்டி, சாதாரண சீட்டுக்கட்டுச் சீட்டை முதுகுக்கு வைத்து, பிளாஸ்டிக் உறையில் செருகி ஆடுவது. அங்கீகரிக்கப்பட்ட போட்டியில் இது செல்லாது. ஆனால் சொந்தப் பயிற்சிக்கு, விற்பனை நோக்கம் இல்லாமல், இப்படி ஆடுகிறவர்களைத் தாங்கள் தடுக்கப்போவதில்லை என்று விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனமே 2016-இல் சொல்லிவிட்டது. அசல் சீட்டு வாங்கி ஆட ஆசைதான். அதற்கு ஆகும் காசைச் சொன்னால் வீட்டில் சோறு கிடைக்காது.

பையன் நெட்டில் பார்த்து மனிதர் டெக்கின் க்ரீச்சர்களை எல்லாம் அழகாகப் பிரிண்ட் எடுத்து வந்திருந்தான். நிலத்துக்கு வெறும் அடிப்படை நிலங்கள், நிறத்துக்கு 5 வீதம் 25.

"ஏன்டா, அதோட நிலமெல்லாம் எங்க?"

"நிலத்தைப் போய் யாராவது காசு குடுத்து பிரிண்ட் எடுப்பாங்களாண்ணா?"

இந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

60 சீட்டில் 25 நிலம், நிறத்துக்கு 5. நீங்கள் முதலில் ஆடுகிறீர்கள். மூன்றாவது டர்னில் நீங்கள் பார்த்திருக்கும் சீட்டு மொத்தம் 9. அந்த 9-இல் சமவெளி ஒன்றாவது, தீவு ஒன்றாவது, மலை ஒன்றாவது இருந்தால்தான் மான்டிஸ் ரைடர் இறங்கும். ஒரு குறிப்பிட்ட நிறம் 9 சீட்டில் வரவே வராமல் போக வாய்ப்பு: மீதமுள்ள 55 சீட்டிலிருந்து 9 எடுக்கும் வழிகளை 60-லிருந்து 9 எடுக்கும் வழிகளால் வகுக்க வேண்டும். 43 சதவீதம் வருகிறது. மூன்று நிறமும் சேர்ந்து வர வேண்டுமென்றால், ஒன்று வராதது, இரண்டு வராதது, மூன்றும் வராதது என்று கூட்டிக் கழிக்க வேண்டும். விடை ஏறத்தாழ 16 சதவீதம். அதாவது, ஆறு ஆட்டத்தில் ஒரு ஆட்டத்தில்தான் ரைடர் தன் நேரத்துக்கு வருவார், அதுவும் அவர் கையில் இருந்தால். வெள்ளையும் நீலமும் மட்டும் கேட்கிற மெட்லிங் மேஜை இரண்டாவது டர்னில் இறக்க, அதே கணக்கில் 26 சதவீதம்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். நிலம் கிடைப்பது, கிடைக்காதது என்ற பிரச்சினையை ஒதுக்கிவிடுவோம். கையில் சரியாக மூன்று நிலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 25-இலிருந்து எந்த மூன்று வேண்டுமானாலும் வந்திருக்கலாம்: 2300 சேர்க்கைகள். அவற்றில் ரைடரை இறக்கக்கூடியவை 5×5×5, அதாவது 125. வெறும் 5.4 சதவீதம்.

இதை அந்த மனிதர் டெக் எப்படித் தீர்த்தது? அதன் 19 நிலங்களைப் பார்ப்போம். (ஆளுக்கு ஆள் ஒன்றிரண்டு சீட்டு மாறும். கணக்குக்கு நான் எடுத்துக்கொள்ளும் அமைப்பு இது.) கேவர்ன் ஆஃப் சோல்ஸ் 4, ஏன்ஷியன்ட் ஜிகுராட் 4, அன்க்ளெய்ம்ட் டெரிட்டரி 4, ஹொரைசன் கேனபி 4, சீக்ரோம் கோஸ்ட் 2, ஒரே ஒரு சமவெளி.

முதல் மூன்றும்தான் டெக்கின் முதுகெலும்பு. 2009-இல் வந்த ஜிகுராட் எந்த நிற மானாவும் தரும், ஆனால் அந்த மானாவை க்ரீச்சர் இறக்க மட்டும்தான் செலவழிக்கலாம். 2012-இல் வந்த கேவர்ன், களத்துக்கு வரும்போது ஒரு க்ரீச்சர் இனத்தின் பெயரைக் கேட்கும். நாம் 'மனிதர்' என்கிறோம். அதன் பிறகு மனிதர்களை இறக்க எந்த நிறமும் தரும், அந்த மனிதரை எதிராளி கவுன்ட்டர் செய்யவும் முடியாது. வேறு எதற்கும் வேண்டுமென்றால் நிறமற்ற மானா ஒன்று. 2017 செப்டம்பரில் இக்ஸாலன் தொகுப்பில் வந்த அன்க்ளெய்ம்ட் டெரிட்டரி கேவர்னின் ஏழைத் தம்பி: அதே வேலை, கவுன்ட்டர் பாதுகாப்பு மட்டும் கிடையாது.

கவனியுங்கள், இந்த மூன்றும் இலவசமாக எதையும் தரவில்லை. "க்ரீச்சர் மட்டும் ஆடு, அதுவும் ஒரே இனமாக ஆடு, அப்படியானால் எந்த நிறம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்" என்கின்றன. சாதாரண டெக்குக்கு இது விலங்கு. மந்திரச் சீட்டே இல்லாமல் மனிதர்களை மட்டும் ஆடத் தயாராக இருப்பவருக்கு இது விலங்கே இல்லை. அவர் எப்படியும் செய்யப்போகிற காரியத்தையே நிலம் நிபந்தனையாகக் கேட்கிறது. கேவர்னும் ஜிகுராட்டும் ஏற்கெனவே இருந்தன. நாலு நாலாக எட்டு, அது போதவில்லை. டெரிட்டரி வந்து எட்டைப் பன்னிரண்டாக்கியதும் கணக்கு மறுபக்கம் சாய்ந்துவிட்டது.

நிறத்துக்கு எத்தனை மூலம் என்று எண்ணிப் பார்க்கலாம். கேனபி ஒரு உயிரை வாங்கிக்கொண்டு பச்சையோ வெள்ளையோ தரும், கோஸ்ட் வெள்ளையோ நீலமோ தரும். வெள்ளை: 19 நிலமும். பச்சை: 16. நீலம்: 14. சிவப்பும் கறுப்பும்: 12. கூட்டினால் 73. மாமா பையனின் 25 நிலத்தில் அதே கூட்டல் 25.

இப்போது அதே கேள்வி: கையில் மூன்று நிலம், ரைடர் இறங்குமா? 19-இலிருந்து மூன்று எடுக்க 969 வழி. மூன்றும் ஐந்து நிற நிலமாக இருந்தால் இறங்கும் (220). இரண்டு ஐந்து நிறம், ஒன்று வேறு என்றாலும் இறங்கும், ஏனென்றால் மீதி ஏழு நிலமும் வெள்ளை தருபவை (462). ஒன்றே ஒன்றுதான் ஐந்து நிறம் என்றால், அது சிவப்புக்குப் போய்விடும். மற்ற இரண்டில் ஒன்றாவது கோஸ்ட்டாக இருக்க வேண்டும் (132). மொத்தம் 814. 84 சதவீதம். 5.4 எங்கே, 84 எங்கே? க்ரீச்சர்களில் ஒரு சீட்டைக்கூட மாற்றவில்லை.

நெதர்லாந்தின் ஃப்ராங்க் கார்ஸ்டன் இந்த மாதிரிக் கணக்குகளைப் பல வருடமாகப் போட்டுவருகிற ஆட்டக்காரர். 60 சீட்டு டெக்கில் முதல் டர்னிலேயே ஒரு குறிப்பிட்ட நிறம் நம்பகமாக வேண்டுமென்றால் 14 மூலம் வேண்டும் என்பது அவர் பட்டியலில் பிரபலமான எண். மனிதர் டெக்கின் முதல் டர்ன் க்ரீச்சர்கள் எந்த நிறம் என்று பாருங்கள்: சாம்பியன் ஆஃப் த பாரிஷ் வெள்ளை (19 மூலம்), நோபிள் ஹயரார்க் பச்சை (16 மூலம்). சிவப்பு, கறுப்பு கேட்பவை இரண்டாவது, மூன்றாவது டர்ன் சீட்டுகள். 12 மூலம் இருந்தால் 9 சீட்டில் ஒன்றாவது வர 89 சதவீதம். எந்த நிறம் சீக்கிரம் வேண்டுமோ அதற்கு அதிக மூலம், தாமதமாக வந்தால் போதுமென்கிற நிறத்துக்குக் குறைவு. 'ஐந்து நிற டெக்' என்று பெயர்தான், உண்மையில் இது ஒரு வெள்ளை டெக். மற்ற நான்கு நிறமும் விருந்தாளிகள்.

நிலம் 19 போதுமா என்று கேட்பீர்கள். மூன்றாவது டர்னுக்குள் மூன்று நிலம் வர 59 சதவீதம்தான், அது மட்டும் என்றால் போதாது. அதற்குத்தான் நோபிள் ஹயரார்க் (இவரும் மனிதர், பச்சை, வெள்ளை, நீலம் தருவார்) நாலு, ஈத்தர் வயல் நாலு.

ஈத்தர் வயல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2004-இல் வந்த ஒரு மானா சாதனம். ஒவ்வொரு டர்ன் தொடக்கத்திலும் அதில் ஒரு கவுன்ட்டர் ஏற்றலாம். கவுன்ட்டர் எண்ணிக்கைக்குச் சமமான விலையுள்ள ஒரு க்ரீச்சரை மானா கொடுக்காமல் கையிலிருந்து அப்படியே களத்தில் வைக்கலாம், எதிராளியின் டர்னில்கூட. அது 'இறக்குவது' அல்ல என்பதால் கவுன்ட்டர் செய்ய முடியாது. நமக்கு முக்கியமானது: அது நிறமே கேட்பதில்லை. இந்த டெக்கில் நிறப் பிரச்சினைக்கு ஆறாவது மருந்து அது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. இரண்டு கைகளைப் பாருங்கள், இரண்டிலும் நீங்களே முதலில் ஆடுகிறீர்கள். முதல் கை: ஜிகுராட், ஜிகுராட், வயல், தாலியாஸ் லெஃப்டினன்ட், மெட்லிங் மேஜ், கைட்செயில் ஃப்ரீபூட்டர், மான்டிஸ் ரைடர். இரண்டாவது கை: ஒரு ஜிகுராட்டுக்குப் பதில் கேவர்ன், மற்றதெல்லாம் அதே.

முதல் கையில் வயலை இறக்கவே முடியாது. அது க்ரீச்சர் அல்ல, ஜிகுராட் மானா அதற்குச் செல்லாது. முதல் டர்ன் வீண். மூன்றாவது நிலம் வேறு வகையில் வரும்வரை வயல் வெறும் அட்டை.

இரண்டாவது கையில் முதல் டர்ன் கேவர்ன், அதன் நிறமற்ற மானாவில் வயல். இரண்டாவது டர்ன் ஜிகுராட், லெஃப்டினன்ட். மூன்றாவது டர்னில் வயலில் இரண்டு கவுன்ட்டர் ஆகிவிட்டது. மூன்றாவது நிலம் வராவிட்டால்கூட, இரண்டு நிலத்தில் ஃப்ரீபூட்டரை இறக்கி, வயல் வழியாக மெட்லிங் மேஜையும் வைக்கலாம். இந்த வரிசை முக்கியம். ஃப்ரீபூட்டர் வந்ததும் எதிராளியின் கையைப் பார்த்து, நிலமும் க்ரீச்சரும் அல்லாத ஒரு சீட்டை எடுத்து வைத்துக்கொள்வார். பார்த்தாயிற்று என்பதால், அடுத்து வருகிற மெட்லிங் மேஜ் எந்தச் சீட்டின் பெயரைச் சொல்லித் தடை போட வேண்டும் என்று யூகிக்க வேண்டியதில்லை. மாற்றி வைத்தால் இருட்டில் கல் எறிகிற கதை. (மெட்லிங் மேஜ் கிறிஸ் பிகுலா என்ற ஆட்டக்காரர் ஒரு அழைப்புப் போட்டியில் ஜெயித்ததற்குப் பரிசாக வடிவமைத்த சீட்டு. 2001-இல் வந்த முதல் பதிப்பின் ஓவியத்தில் இருப்பதும் அவர் முகம்தான். எதிராளியைப் பேர் சொல்லித் தடுக்கிற குணம் அவருக்குப் பொருத்தம் என்று சொல்வார்கள்.)

ஒரு சீட்டு வித்தியாசத்தில் ஒரு கை சுமார், இன்னொரு கை பிரமாதம். நிலத்தை "நிலம் இரண்டு இருக்கு" என்று எண்ணினால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

இதே மாதிரி இன்னொரு பொறி ஃபான்டாஸ்மல் இமேஜ். களத்தில் உள்ள எந்த க்ரீச்சரின் நகலாகவும் வரக்கூடியது. அச்சிட்ட சீட்டில் அதன் இனம் 'மாயை', மனிதர் அல்ல. கேவர்ன், டெரிட்டரி இரண்டிலும் 'மனிதர்' என்று சொல்லியிருந்தால் அவற்றின் நீல மானா இதற்குக் கிடையாது. நீலத்தை ஜிகுராட், கோஸ்ட், ஹயரார்க் தர வேண்டும், மீதி ஒன்றை கேவர்னின் நிறமற்ற மானாவில் கட்டிக்கொள்ளலாம். லெஃப்டினன்ட்டின் நகலாக இறங்கிவிட்டால் மட்டும் மனிதராக எண்ணப்படும். உள்ளே வரும்வரை அந்நியர், வந்த பிறகு உறவினர்.

சரி, நிறமெல்லாம் சேர்ந்துவிட்டது. டெக் என்னதான் செய்கிறது? முதல் டர்ன் சாம்பியன், 1/1. வேறு மனிதர் ஒவ்வொருவர் வரும்போதும் இவர் ஒரு புள்ளி வளர்வார். இரண்டாவது டர்ன் லெஃப்டினன்ட். அவர் வந்ததற்கு ஒன்று, அவர் எல்லா மனிதருக்கும் தருகிற ஒன்று, சாம்பியன் 3/3. அடி 3. மூன்றாவது டர்ன் மான்டிஸ் ரைடர். சாம்பியன் 4, லெஃப்டினன்ட் 2, ரைடர் 3, மொத்தம் 9. குறுக்கே யாரும் நிற்காவிட்டால் இதுவரை 12. நாலாவது டர்ன் இன்னொரு லெஃப்டினன்ட் வந்தால் 6, 4, 4 என்று 14. எதிராளியின் 20 உயிர் நாலாவது டர்னில் முடிந்தது.

இது கனவுக் கை. நிஜத்தில் சாம்பியன் முதல் 7 சீட்டில் இருக்க 40 சதவீதம்தான். ஆனால் முதல் டர்னில் செய்ய ஏதாவது ஒன்று (சாம்பியன், ஹயரார்க், வயல், மொத்தம் 12 சீட்டு) இருக்க 81 சதவீதம். டெக்கில் மீதி இடத்தை நிரப்புவது தொந்தரவு செய்யும் மனிதர்கள்: க்ரீச்சர் அல்லாதவற்றின் விலையை ஒன்று கூட்டுகிற தாலியா, எதிராளியின் க்ரீச்சரைக் கைக்குத் திருப்பி அனுப்புகிற ரிஃப்ளெக்டர் மேஜ், மேலே சொன்ன ஃப்ரீபூட்டர், மெட்லிங் மேஜ். வேறு டெக்குகள் இந்த வேலையை மந்திரச் சீட்டுகளால் செய்யும். இங்கே மந்திரத்துக்கு மானா கிடையாது. அதனால் எதிர்ப்பு, தடை, உளவு எல்லாவற்றையும் மனிதர்களே சுமக்கிறார்கள். ஐந்து நிறம் தேவைப்படுவதன் உண்மையான காரணம் இதுதான். வெள்ளை மனிதர்கள் மட்டும் என்றால் அடிக்கத் தெரியும், எதிராளியின் கையைப் பார்க்கத் தெரியாது.

மனிதர் டெக்குக்கு முன்னாலேயே 1997-இல் ஸ்லிவர் என்ற இனம் வந்தது. ஒன்றின் திறமை களத்தில் உள்ள எல்லா ஸ்லிவருக்கும் உண்டு. 1998-இல் ஐந்து நிற ராணியும் வந்தாள். எனக்கு அவற்றின் மேல் பாசம் உண்டு. ஆனால் ஸ்லிவர்கள் தங்கள் கூட்டத்தை மட்டுமே வளர்க்கின்றன. பெரும்பாலும் எதிராளியின் கையில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அதனால்தான் மனிதர்களை நான் மேலே வைக்கிறேன்.

எங்கள் பெரியப்பா இதையெல்லாம் ஊஞ்சலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முந்நூத்தினாலு ஆடுகிறவர். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. ஒரு ஜாதிக்கு 76, நாலுக்கும் சேர்த்து 304. விரல் விடாமல் மனசிலேயே எண்ணுவார்.

"ஏம்ப்பா, இவ்ளோ கணக்குப் போட்டும் சீட்டு வரலைன்னா தோத்துதானே போவ?"

"ஆமா பெரியப்பா."

"அப்ப இதுவும் சீட்டாட்டம்தானே?"

வீட்டில் 'சீட்டாட்டம்' என்ற சொல்லுக்கு என்ன எடை என்று உங்களுக்குத் தெரியும். நியாயமான கேள்விதான், சட்டமே இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறது. 1967-இல் செகந்தராபாத் கிளப் ஒன்றைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் ரம்மியை முக்கியமாகத் திறமை ஆட்டம் என்றது. எந்தச் சீட்டு விழுந்தது என்று நினைவில் வைக்கவும், எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்று தீர்மானிக்கவும் திறமை வேண்டும் என்பது காரணம். மூணு சீட்டு மாதிரி முழுக்க அதிர்ஷ்டம் அல்ல என்றது. 2022-இல் தமிழ்நாடு கொண்டுவந்த இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் வைத்தபோது, 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பட்டியலை ரத்து செய்ததும் ஏறக்குறைய இந்த அடிப்படையில்தான். பணம் கட்டி ஆடுவது சரியா என்பது வேறு கேள்வி, அதில் நான் பெரியப்பா பக்கம்.

ஆனால் அந்தத் தீர்ப்பு சொல்கிற திறமை எல்லாம் சீட்டுப் போட்ட பிறகு காட்டுகிற திறமை. ரம்மியிலோ முந்நூத்தினாலிலோ கட்டு எல்லாருக்கும் ஒன்று. அதன் அதிர்ஷ்டத்தை யாரும் முன்கூட்டித் தொட முடியாது. மேஜிக்கில் சீட்டைக் கலைப்பதற்கு முன்னாலேயே அதிர்ஷ்டத்தின் அளவை நாமே தீர்மானிக்கிறோம். 5.4-உம் 84-உம் ஒரே ஆட்டத்தில், ஒரே க்ரீச்சர்களோடு, கலைப்பதற்கு முன்பே எழுதப்பட்ட எண்கள். மீதி 16 சதவீதம் பெரியப்பா சொல்வதுதான், சீட்டு வரவில்லை என்றால் தோற்க வேண்டியதுதான். நான் இதைச் சொன்னதும் பெரியப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "துருப்பையும் நீயே வீட்லேருந்து எடுத்துட்டு வரேன்னு சொல்லு" என்றார். அவ்வளவு சுருக்கமாக எனக்குச் சொல்ல வந்திருக்காது.

இந்த டெக்குக்கு ஒரு பெரிய எதிரி உண்டு, பிளட் மூன் என்ற சீட்டு. அது களத்தில் இருக்கும்வரை அடிப்படை நிலம் அல்லாத எல்லா நிலமும் வெறும் மலை, சிவப்பு மட்டும்தான் தரும். 19-இல் 18 நிலம் மலையாகிவிடும். மிஞ்சுவது அந்த ஒற்றைச் சமவெளி, ஹயரார்க், ஏற்கெனவே இறக்கிய வயல். சமவெளியை ஏன் வைத்திருக்கிறார்கள் என்று இப்போது புரியும். எதிராளியிடம் சிவப்பு நிலம் தெரிந்தால் சமவெளியைக் கையில் பதுக்காமல் சீக்கிரம் இறக்கி, வயலை மூன்றில் நிறுத்தாமல் இரண்டிலேயே நிறுத்துவது நல்லது. டெக்கில் இரண்டு விலை க்ரீச்சர்கள்தான் அதிகம்.

மாமா பையன் கடைசியில் நிலங்களையும் பிரிண்ட் எடுத்தான், அரைப் பக்கம் கூடுதல் செலவு. இப்போது அவனுக்கு ஒரு யோசனை: ஒரு கேனபியை எடுத்துவிட்டு இரண்டாவது சமவெளி வைத்தால் பிளட் மூனுக்குத் தப்பிக்கலாமே என்று. கணக்குப் பார்த்தோம். கேனபியும் வெள்ளை, சமவெளியும் வெள்ளை, அதனால் ரைடர் கணக்கு 814-லேயே நிற்கிறது, ஒன்றுகூடக் குறையவில்லை. பச்சை மூலம் 16-லிருந்து 15 ஆகிறது. முதல் கையில் ஹயரார்க்குக்குப் பச்சை கிடைக்கும் வாய்ப்பு 90.1-லிருந்து 88.2-க்கு இறங்குகிறது. நிலம் நிறைய வந்துவிட்ட நேரத்தில் கேனபியைத் தியாகம் செய்து ஒரு சீட்டு எடுக்கிற வசதியும் ஒன்று குறைகிறது. பதிலுக்கு, கேனபி கேட்கிற உயிர் மிச்சம். பிளட் மூன் ஆடுகிறவர்கள் சுற்றி நாலு பேர் இருந்தால் நான் மாற்றுவேன். எங்கள் வீட்டில் பிளட் மூன் ஆடுகிறவன் நான் ஒருத்தன்தான், அதனால் அவன் மாற்றிவிட்டான்.